கைதட்டல் பட்டமளிப்போடு நிற்கலாமா?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கிற அண்ணன், அக்கா, தம்பி, என் அணித் தோழர்களே, பொங்கலுக்கென்று இந்தப் பனியிலும் பட்டுச்சேலைமேல் குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு வந்திருக்கிற இண்டியானாபொலிஸ் தமிழ்ச் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"பெண்கள் கூடைப்பந்து ரசிகர்களின் நெஞ்சில் முதலிடம் பெறத் தகுந்தது கல்லூரி ஆட்டமா, தொழில்முறை ஆட்டமா?" இதுதான் தலைப்பு. தொழில்முறை ஆட்டமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் அழகாகப் பேசினார். கல்லூரி ஆட்டம் பிறந்த வீடு மாதிரி, அங்கே பாசம் இருக்கிறது. தொழில்முறை ஆட்டம் வேலை பார்க்கிற இடம், அங்கே சம்பளம்தான் இருக்கிறது என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அண்ணா, எனக்கு அந்த வரிதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் கோயம்புத்தூர்க்காரி. கல்லூரி அணியில் ஆடியவள். சிமெண்ட் தரை. பதினோரு மணி வெயில் ஏறினால் ஷூவையும் மீறி உள்ளங்கால் கொதிக்கும். கடைசி வருஷம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் கோப்பை வாங்கினோம். அப்பா அன்றைக்குக் கோர்ட்டுக்கே வந்து, அணியில் அத்தனை பேருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். செய்தித்தாளில் வந்த குழுப்படத்தை வெட்டி பூஜை அறைக் கதவில் ஒட்டினார். மூன்று மாதம் கழித்து, ஒரு கிளப் அணியில் ஆடக் கூப்பிடுகிறார்கள், போகட்டுமா என்று கேட்டேன். "படிக்கிற புள்ள ஆடுனா அழகு கண்ணு. படிச்சு முடிச்சாச்சு, இனி எதுக்கு அதெல்லாம்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பாசமாகத்தான் சொன்னார். படம் கதவிலேயே இருந்தது. பந்து பரணுக்குப் போய்விட்டது.

அதனால்தான் கல்லூரி ஆட்டத்தில் பாசம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கதவு ஞாபகத்துக்கு வருகிறது. மாணவியாக இருக்கிற வரைக்கும் தலையில் தூக்கிவைத்து ஆடுவது, அவளே அந்த ஆட்டத்தைத் தொழிலாக எடுத்துக்கொண்டு சம்பளம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வது. நம்மூரில் மட்டுமல்ல ஐயா, இந்த அமெரிக்காவிலும் கால் நூற்றாண்டுக்கு மேலாக நடந்தது இதுதான். என் வழக்கு அதன்மேல்தான்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். வீட்டைக் கட்டியது கல்லூரிதான். 1972-இல் 'டைட்டில் நைன்' சட்டம் வந்திருக்காவிட்டால், அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையங்கள் பெண்களை ஒதுக்கக் கூடாது என்று அது சொல்லியிருக்காவிட்டால், இன்றைக்கு இந்த ஆட்டமே இந்த உருவத்தில் இருந்திருக்காது. பேட் சம்மிட் 1974-இல் டென்னசிப் பல்கலைக்கழகப் பெண்கள் அணியில் தலைமைப் பயிற்சியாளராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 22. மாதம் 250 டாலர் சம்பளம். வேனையும் அவரே ஓட்டினார், வீராங்கனைகளின் சட்டையையும் அவரே துவைத்தார். அந்தக் கையால் 1,098 வெற்றி, எட்டு சாம்பியன் பட்டம். அந்த அம்மா இருந்திருந்தால் மேடை என்றும் பார்க்காமல் காலில் விழுந்து கும்பிட்டிருப்பேன். ஆனால் அவர் எதற்காக அத்தனை பெண்களை வளர்த்தார்? 22 வயதில் ஓய்வு பெறுவதற்கா?

எதிரணி அக்கா கையில் தாளோடு வந்து எண்களை அடுக்கினார். 2024 ஏப்ரல் 7, சவுத் கரோலினாவும் அயோவாவும் மோதிய கல்லூரி இறுதி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கும் மேல். ஆண்கள் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் ஒன்றரைக் கோடியை எட்டவில்லை. அதே வருஷம் அக்டோபரில் டபிள்யூ.என்.பி.ஏ. என்கிற பெண்கள் தொழில்முறை லீகின் இறுதித் தொடரில் ஐந்தாவது ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இருபது லட்சத்துக்குச் சற்று மேல். அக்கா சொன்ன கணக்கில் பிழையில்லை. ஆனால் அக்கா, அந்தக் கணக்கு எங்கள் பக்கத்துச் சாட்சி. ஒன்றரைக் கோடிக்கும் மேலான பேர் ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் நடுவில் எங்கே போனார்கள்? அந்தப் பெண்கள் எங்கும் போகவில்லையே! இறுதி ஆட்டம் முடிந்து எட்டாவது நாள் டிராஃப்ட், தொழில்முறை அணிகள் புது வீராங்கனைகளைத் தேர்ந்தெடுக்கும் நாள். ஏப்ரல் கடைசியில் பயிற்சி முகாம். மே 14-ஆம் தேதி முதல் ஆட்டம். அயோவாவின் நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க் கல்லூரிச் சட்டையைக் கழற்றி ஐந்தரை வாரத்தில் தொழில்முறைச் சட்டை போட்டு நின்றார். பார்வையாளர்தான் டிவியை அணைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஏன் போனார் என்பதற்கு நியாயமான காரணமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த லீகில் 2024-இல் இருந்தது வெறும் பன்னிரண்டு அணி. அயோவாவில் அணி இல்லை. சவுத் கரோலினாவில் இல்லை. டென்னசியில் இல்லை, லூசியானாவிலும் இல்லை. பெண்கள் கூடைப்பந்துக்கு உயிரை விடுகிற ஊர் எதுவோ, பெரும்பாலும் அந்த ஊரில் தொழில்முறை அணி கிடையாது. பெண்ணை ஊரே சேர்ந்து வளர்த்தது, அவளுக்கு வேலை கிடைத்ததோ ஆயிரம் மைலுக்கு அப்பால். நமக்குத் தெரியாததா இது? நம் அம்மா அப்பாவுக்கு அது தெரியாதா? ஆனால் பிள்ளை வெளியூருக்கு வேலைக்குப் போனாள் என்பதற்காக எந்தத் தாயாவது போன் பண்ணுவதை நிறுத்தியிருக்கிறாளா?

நிறுத்தாத ரசிகர்களும் இருக்கிறார்கள், அவர்களை நான் கண்ணால் பார்த்தேன். 2023 கோடையில் ஒரு வாரநாள் சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு இங்கே நம் இண்டியானா ஃபீவர் அணியின் ஆட்டத்துக்குப் போனேன். கல்லூரி நட்சத்திரம் அலியா பாஸ்டன் அப்போதுதான் அணிக்கு வந்திருந்தார், அவரைப் பார்க்கத்தான் போனோம். பதினேழாயிரம் பேர் உட்காரும் அரங்கில் நாலாயிரம் பேர் இருந்திருந்தால் அதிகம். மேல் அடுக்கில் ஆளே இல்லை. அந்த வெறுமையில் என்ன கேட்டது தெரியுமா? தரையில் ஷூ தேய்கிற கிறீச் கிறீச் சத்தம். "லெஃப்ட், லெஃப்ட், ஸ்க்ரீன்!" என்று அவர்கள் ஒருவருக்கொருவர் கத்துவது. ரீபவுண்டுக்கு இரண்டு பேர் மோதும்போது வயிற்றிலிருந்து எழும்புகிற அந்த 'ஹம்' என்ற மூச்சு. ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. என் மகள், அன்றைக்கு ஒன்பது வயது, என் காதோரம் வந்து "அம்மா, இவ்வளவு நல்லா ஆடறாங்க, ஏம்மா யாருமே வரல?" என்றாள். பதில் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த வருஷம் அதே அரங்கு. கிளார்க் ஃபீவர் அணிக்கு வந்துவிட்டார். வாகன நிறுத்தத்தில் வரிசையாக அயோவா நம்பர் பிளேட். ஆறு மணி நேரம் காரோட்டி வந்திருந்தார்கள் ஐயா! ஒரு வயதான தம்பதி, எழுபதைத் தாண்டியிருக்கும், தின்பண்டத்தை டப்பாவில் கட்டி எடுத்துக்கொண்டு வந்து எங்களுக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டம் முடிந்து ராத்திரியே திரும்பவும் ஓட்டிக்கொண்டு போகப்போகிறோம் என்றார்கள். எதிரணி கொண்டாடுகிற கல்லூரி ரசிகர்கள்தான் அவர்கள். அந்தப் பாசத்தைப் பட்டமளிப்பு விழாவோடு மூட்டை கட்டாமல் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள் பாருங்கள், அவர்களைத்தான் நான் ரசிகர் என்கிறேன்.

அடுத்து எதிரணித் தம்பி. கல்லூரியில்தான் தூய்மையான ஆட்டம், அங்கே ஒருத்திக்காக ஒருத்தி ஆடுவாள்; இங்கே வந்தால் புதிதாக வருகிற பெண்களைப் பழையவர்கள் இடித்துத் தள்ளுகிறார்கள் என்றார். தம்பி, 350-க்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள் உச்ச அடுக்கான முதல் பிரிவில் ஆடுகின்றன. அத்தனை கல்லூரியிலிருந்தும் 2024-இல் 36 பேரைத்தான் டிராஃப்டில் எடுத்தார்கள். அதிலும் பாதிப் பேருக்கு மேல் முகாமிலேயே வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள். அந்த வருஷம் அணிக்குப் பன்னிரண்டு இடம், பன்னிரண்டு அணி, மொத்தம் 144 நாற்காலி. இவ்வளவு பெரிய நாட்டில், உலகம் முழுவதிலிருந்தும் வருகிற வீராங்கனைகளையும் சேர்த்து, 144 நாற்காலி! அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் யாரும் எழுந்து இடம் கொடுக்கமாட்டார். கல்லூரியில் பந்தைப் பிடித்து யோசிக்க 30 நொடி, இங்கே 24. அங்கே உங்களைத் தடுக்க வருபவள் நாளைக்குப் பரீட்சை எழுதப்போகிற பத்தொன்பது வயதுப் பெண். இங்கே வருபவர் பத்து வருஷமாக இதையே சோறாக உண்கிறவர்.

கிளார்க்கின் முதல் ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் 3,951 புள்ளி எடுத்தவர், ஆண் பெண் யாரும் முதல் பிரிவில் தொடாத எண் அது. கனெக்டிகட் அணிக்கு எதிராக வந்தார். 20 புள்ளி எடுத்தார், பத்துமுறை பந்தைப் பறிகொடுத்தார். அணி 21 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. முதல் ஒன்பது ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. அன்றைக்கு எத்தனை பேர் எழுதினார்கள், பெண்ணைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று! ஆனால் அவர் என்ன செய்தார்? இரட்டையாக மறிப்பதை எப்படி உடைப்பது, தோளால் இடிக்கும்போது பந்தை எந்தப் பக்கம் வைப்பது என்று கற்றுக்கொண்டார். ஜூலையில் ஒரே ஆட்டத்தில் 19 அசிஸ்ட், அதாவது கூட ஆடுபவர் கூடையில் போடுவதற்காகக் கொடுத்த பந்து. சீசன் முடிவில் 337. லீக் வரலாற்றில் ஒரு சீசனில் அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. ஒன்றுக்கு எட்டு என்று தொடங்கிய அணி 20 வெற்றி, 20 தோல்வி என்று முடித்து, பட்டத்துக்கான அடுத்த கட்டமான பிளேஆஃபுக்குப் போனது. மாமியார் கொடுமை மாதிரி தம்பி சித்திரித்தது எனக்குப் பட்டறையாகத் தெரிகிறது. ஏப்ரலோடு டிவியை அணைத்தவர், ஒரு பெரிய ஆட்டக்காரி இன்னும் பெரியவராக மாறுவதைத் தவறவிட்டார்.

ஒருத்திக்காக ஒருத்தி ஆடுவது பற்றியும் சொல்கிறேன். சப்ரீனா அயனெஸ்கு ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். 2019-லேயே தொழில்முறைக்கு வந்திருக்கலாம். கோப்பை வாங்காமல் வரமாட்டேன் என்று இன்னொரு வருஷம் கல்லூரியிலேயே இருந்தார். 2020 மார்ச். கொரோனா. போட்டியே ரத்து. கல்லூரிக் கதை அத்தோடு முடிந்தது, அந்த வருஷத்தைத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியாது. நியூயார்க் லிபர்ட்டி அவரை எடுத்தது. நான்கு வருஷம் கழித்து, 2024 இறுதித் தொடர், மூன்றாவது ஆட்டம், மினசோட்டா லிங்க்ஸின் சொந்த மண். ஒரே ஒரு நொடி மிச்சம் இருக்கும்போது 28 அடி தூரத்திலிருந்து எறிந்தார். 80-77. வீட்டில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ஆனால் நான் தம்பிக்குச் சொல்ல வந்தது அதுவல்ல, ஐந்தாவது ஆட்டம். அன்றைக்கு அயனெஸ்கு 19 தடவை கூடைக்கு எறிந்தார். விழுந்தது ஒன்று. பத்தொன்பதுக்கு ஒன்று! வாழ்க்கையின் மிகப் பெரிய ராத்திரியில் கை கைவிட்டுவிட்டது. தூக்கி நிறுத்தியது யார்? பஹாமஸிலிருந்து வந்த ஜான்குவெல் ஜோன்ஸ். ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆடியவர், கல்லூரிக் காலத்தில் அவர் பெயரைச் சொன்னால் நாட்டில் பாதி ரசிகர்களுக்குத் தெரியாது. அன்றைக்கு 17 புள்ளி எடுத்தார், தொடரின் சிறந்த வீராங்கனை அவர்தான். கூடுதல் நேரத்தில் 67-62. 1997-இல் லீக் தொடங்கிய நாளிலிருந்து கோப்பைக்காகக் காத்திருந்த நியூயார்க் அணிக்கு முதல் பட்டம். எந்தக் கல்லூரி என்று பார்த்து மட்டுமே அன்பு வைப்பவருக்கு ஜான்குவெல் ஜோன்ஸ் கிடைத்திருக்கவே மாட்டார் தம்பி.

இப்போது பணத்துக்கு வருகிறேன். அண்ணன் "அங்கே சம்பளம்தான் இருக்கிறது" என்றபோது, சம்பளம் ஏதோ கறை மாதிரி ஒலித்தது. எவ்வளவு சம்பளம் அண்ணா? ஒரு கோடியே எண்பது லட்சம் பேரை டிவிமுன் உட்காரவைத்த கிளார்க்குக்கு முதல் வருஷ அடிப்படைச் சம்பளம் 76,535 டாலர். இந்த மண்டபத்தில் ஐ.டி. வேலையில் இருக்கிறவர்கள் அந்த எண்ணை ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பாருங்கள்.

2018-இல் நடந்ததைக் கேளுங்கள். ஏஜா வில்சன், சவுத் கரோலினாக்காரர், சொந்த மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு 2017-இல் சாம்பியன் பட்டம் வாங்கிக்கொடுத்தவர். 2018-இல் முதல் ஆளாக லாஸ் வேகஸ் ஏசஸ் அணிக்கு எடுக்கப்பட்டார். பெரிய கல்லூரி அணிகள் தனி விமானத்தில் பறக்கும். லீகிலோ எல்லோரும் சாதாரணப் பயணிகள் விமானத்தில்தான் போக வேண்டும் என்று விதி. அந்த ஆகஸ்டில் வாஷிங்டனில் ஆட்டம். விமானம் தாமதம், ரத்து, மாற்று விமானம் என்று 25 மணி நேரத்துக்கும் மேல் அந்தப் பெண்கள் அலைந்தார்கள். ஆறடிக்கு மேல் உயரம், கால் நீட்ட இடமில்லாத இருக்கை. ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்னால் வந்து சேர்ந்தார்கள். இந்த உடம்போடு இறங்கினால் காயம்தான் மிஞ்சும் என்று ஆட மறுத்தார்கள். லீக் அதைத் தோல்வி என்று எழுதியது. இன்னொரு கொடுமை, 2021-இல் தன் வீராங்கனைகளுக்குத் தனி விமானம் அமர்த்தியதற்காக நியூயார்க் அணி 5 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. 2024-இல்தான் எல்லா அணிக்கும் தனி விமானம் வந்தது.

மாணவியாக இருந்தபோது கிடைத்தது வேலைக்கு வந்ததும் பறிபோகும் என்றால், அது யாருடைய மனப்பான்மை? லீகுடையதா? முதலாளிகளுடையதா? அவர்களுக்கும் பங்குண்டு. ஆனால் இருக்கை காலியாக இருந்ததும், விளம்பரம் வராததும், டிவிக்காரர்கள் மூலையில் ஒதுக்கியதும் நம்மால். ஹியூஸ்டன் காமெட்ஸ் என்று ஓர் அணி இருந்தது. லீகின் முதல் நான்கு பட்டமும், 1997 முதல் 2000 வரை, அவர்களுடையது. சிந்தியா கூப்பர், ஷெரில் ஸ்வூப்ஸ், டினா தாம்சன் என்று பெரிய நட்சத்திரங்கள். அப்படிப்பட்ட அணி 2008-இல் வாங்க ஆளில்லாமல் மூடப்பட்டது. கல்லூரி அணி மூடப்படாது, தொழில்முறை அணி மூடப்படும், ஆகவே எதை நம்பி அன்பு வைப்பது என்று அக்கா கேட்டார். அக்கா, அன்பு வைக்காததால்தான் மூடினார்கள்.

சம்பளம் போதாததால் இந்தப் பெண்கள் எங்கெங்கே போனார்கள்? லீகின் பெரிய நட்சத்திரம் டயானா டராசிக்கு 2015-இல் ரஷ்ய அணி பணம் கொடுத்து, அமெரிக்காவில் ஆட வேண்டாம், ஓய்வெடு என்றது. அவரும் அந்தச் சீசன் முழுக்க ஆடவில்லை. பிரிட்னி கிரைனர், 2012-இல் பெய்லர் பல்கலைக்கழகம் நாற்பது ஆட்டம் ஆடி நாற்பதும் வென்றபோது நாடே பார்த்து வியந்த பெண், பத்து வருஷம் கழித்து ரஷ்யச் சிறையில் கிடந்தார். எதற்காக ரஷ்யா போனார் என்று யாராவது கேட்டால், அங்கே இங்கேயைவிடப் பல மடங்கு சம்பளம் கொடுத்தார்கள் என்பதுதான் பதில். 2022 பிப்ரவரியில் கைதானவர் டிசம்பரில்தான் வீடு திரும்பினார்.

2025 ஜூலையில், லீகின் நட்சத்திரங்கள் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டம் இங்கே இண்டியானாபொலிஸிலேயே நடந்தது. வார்ம் அப்புக்கு வந்த வீராங்கனைகள் எல்லோருடைய சட்டையிலும் ஒரே வாசகம்: எங்களுக்குத் தர வேண்டியதைத் தாருங்கள். ஆட்டம் முடிந்து சிறந்த ஆட்டக்காரியான நஃபீசா கோலியருக்குக் கோப்பை கொடுக்கும்போது அரங்கம் முழுவதும் ஒரே குரலாக "பே தெம்! பே தெம்!" என்று முழங்கியது. என் மகள் நாற்காலிமேல் ஏறி நின்று தொண்டை கட்டக் கத்தினாள். நான் இறங்கச் சொல்லவில்லை. ஒரு விளையாட்டு அரங்கில் ரசிகர்கள் ஆட்டக்காரிகளின் சம்பளத்துக்காகக் குரல் கொடுத்ததை நான் என் ஆயுசில் அன்றைக்குத்தான் கேட்டேன். கோயம்புத்தூர் வீட்டுப் பரணில் கிடந்த பந்து அந்த நிமிஷம் கண்ணில் வந்தது.

எங்கள் காலத்தில் நமக்கிருந்த தொழில்முறை வழி எது? ரயில்வே வேலை. விளையாட்டு ஒதுக்கீட்டில் தெற்கு ரயில்வேயில் சேர்ந்தால் சம்பளமும் உண்டு, ஆடவும் செய்யலாம். அப்படிச் சென்னையில் தெற்கு ரயில்வேக்கு ஆடிய கேரளத்துப் பெண் கீத்து அன்னா ஜோஸ் 2011-இல் இதே டபிள்யூ.என்.பி.ஏ.வின் மூன்று அணிகளின் தேர்வுக்கு அழைக்கப்பட்டார். இடம் கிடைக்கவில்லை. ஆனால் படிப்பு முடிந்த பிறகும் ஆடினால்தான் அந்த அழைப்பு வரும். அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீயும் ஆடியிருக்கலாம் கண்ணு" என்றார்.

கல்லூரி என்றாலே பணம் தொடாத பூமி என்பதும் பழைய கதை ஐயா. 2021-லிருந்து கல்லூரி வீராங்கனைகள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2025-லிருந்து கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம். அது நல்லது, வரவேற்கிறேன். ஆனால் அங்கே வாங்கினால் திறமைக்குப் பரிசு, இங்கே கேட்டால் பேராசை என்று சொல்லாதீர்கள்.

அண்ணன் இன்னொன்றும் சொன்னார். தான் படித்த கல்லூரி என்ற உறவு தொழில்முறை அணியில் ஒருநாளும் வராது என்றார். கோல்டன் ஸ்டேட் வால்கிரீஸ் என்ற அணி 2025-இல்தான் பிறந்தது. அங்கே யாரும் படிக்கவில்லை, யாருடைய தாத்தாவும் அந்தச் சட்டை போடவில்லை. கிளார்க் மாதிரி ஒரு பெரிய பெயரும் அணியில் இல்லை. சொந்த ஊரில் 22 ஆட்டம், 22-க்கும் 18,064 இருக்கையும் நிரம்பியது. முதல் வருஷமே பிளேஆஃப் போனார்கள், இந்த லீகில் அதுவரை எந்தப் புது அணியும் அதைச் செய்ததில்லை. பிளேஆஃப் வந்தபோது சொந்த அரங்கம் வேறொரு நிகழ்ச்சிக்குப் போய்விட்டிருந்தது. சான் ஹோசேக்கு மாற்றினார்கள். ரசிகர்கள் அங்கேயும் போய் நிரப்பினார்கள். உறவு இப்படியும் முளைக்கும் அண்ணா.

ஏஜா வில்சனுக்குத் திரும்பவும் வருகிறேன், ஏனென்றால் எதிரணி அவரைக் கல்லூரியின் சொத்து மாதிரிப் பேசினார்கள். சவுத் கரோலினா பல்கலைக்கழகம் 2021 ஜனவரியில் அரங்கத்துக்கு வெளியே அவருக்குச் சிலை வைத்தது. அவருடைய பாட்டி சிறுமியாக இருந்தபோது, கறுப்பினத்தவர் என்பதால் அந்த வளாகத்துக்குள் நடக்க முடியாது, சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அதே இடத்தில் பேத்திக்குச் சிலை. வில்சனே சொன்ன செய்தி அது, நினைத்தாலே கண் கலங்குகிறது. பல்கலைக்கழகத்துக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் சிலை வைத்த பிறகு அந்தப் பெண் என்ன செய்தார் என்று எத்தனை சிலைப் பக்தர்களுக்குத் தெரியும்? 2022, 2023, 2025 என்று மூன்று கோப்பை. லீகின் சிறந்த வீராங்கனை விருது மொத்தம் நான்கு தடவை, நான்கு வாங்கிய முதல் ஆள் அவர்தான். டராசியைப் பாருங்கள், 41 வயதில் ஒரே ஆட்டத்தில் 42 புள்ளி எடுத்து, பத்தாயிரம் புள்ளியைக் கடந்தார். கல்லூரி ரசிகருக்குக் கிடைப்பது நாலு வருஷம். டராசியைத் தொடர்ந்தவருக்குக் கிடைத்தது இருபது சீசன்.

மணி அடித்துவிட்டார்கள். இன்னும் ஒரே ஒரு ஆளைப் பற்றிப் பேசிவிட்டு உட்காருகிறேன், நடுவர் ஐயா அனுமதிக்க வேண்டும்.

கெல்சி மிட்செல். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 3,402 புள்ளி எடுத்தவர். 2018 டிராஃப்டில் வில்சனுக்கு அடுத்து இரண்டாவதாக நம் ஃபீவர் அணி எடுத்தது. அந்த வருஷம் ஃபீவர் 34 ஆட்டத்தில் வென்றது ஆறு. 2022-இல் 36-இல் ஐந்து. நான் சொன்னேனே, ஷூ சத்தம் கேட்கிற அரங்கம், அப்படிப்பட்ட வெறுமையில்தான் அவர் ஆறு வருஷம் ஆடினார். வேறு ஊருக்குப் போயிருக்கலாம், போகவில்லை. கூட்டம் கிளார்க்குக்காக வந்தது, வந்தவர்கள் கண்ணில் அப்புறம்தான் இந்த இடதுகை மின்னல் பட்டது.

2025-இல் கிளார்க் காயத்தால் 13 ஆட்டம்தான் ஆடினார். இன்னும் பலர் காயத்தில் விழுந்தார்கள். பாதியில் சேர்ந்தவர்களை வைத்துக்கொண்டு அணி அரையிறுதி வரைக்கும் போனது, இழுத்துக்கொண்டு போனவர் மிட்செல். எதிரே வில்சனின் லாஸ் வேகஸ். தொடர் 2-2. ஐந்தாவது ஆட்டத்தின் நடுவில் மிட்செலுக்குக் கால் தசை பிடித்துக்கொண்டு அசைய மறுத்துவிட்டது. தாங்கிப் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். மிச்சம் இருந்த பெண்கள் கூடுதல் நேரம் வரைக்கும் போராடித் தோற்றார்கள். என் மகள் டிவிமுன் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் பள்ளிக்கு மிட்செலின் பூஜ்ஜியம் எண் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு போனாள். எல்லோரும் கிளார்க்கின் 22 போடுகிறார்களே, நீ ஏன் இது என்று கேட்டேன். "நம்ம அன்னிக்குப் போனப்ப இவங்க இருந்தாங்கல்லம்மா" என்றாள்.

சீசன் தொடங்கியதும் முதல் உள்ளூர் ஆட்டத்துக்கு நாங்கள் போகிறோம். எங்கள் காரில் மூன்று இருக்கை காலியாக இருக்கிறது. எதிரணி அண்ணன், அக்கா, தம்பி மூன்று பேரும் உங்கள் கல்லூரிச் சட்டையையே போட்டுக்கொண்டு வாருங்கள். புளியோதரை நான் கட்டிக்கொண்டு வருகிறேன்.

நன்றி, வணக்கம்.